இவ்வீட்டில் எவரும் வசிப்பதில்லை

வாகீசனின் வீட்டு வாசல் படலையில் நின்று கல்லெறிந்தால் பள்ளிக்கூடத்து ஓட்டில் விழும். சின்ன வயதில் அவன் எறிந்துமிருக்கிறான், அதற்கு அதிபரிடம் அடியும் வாங்கியிருக்கிறான். பள்ளிக்கூடத்தின் வடக்குக் காணி நாலு பரப்பையும் எழுதிக் கொடுத்தது அவனுடைய பாட்டனார். இவ்வளவும் இருந்தும், அந்தப் பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்பில் தன் ஒரே மகள் கீர்த்திகாவுக்கு ஓர் இடம் எடுக்க முடியாமல் மார்கழி முழுக்க அந்த மனிதன் நாயாய் அலைந்தான். அதற்குக் காரணம் வேறு ஒருவருமில்லை, அவனேதான்.

அம்பலவத்தை மகா வித்தியாலயம் ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை உள்ள பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்டத்தரிப்புப் பக்கமாகப் போகும்போது, பட்டணமும் இல்லை தோட்டமும் இல்லை என்கிற மாதிரி ஓர் இடம் வருமே, அங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் அறுநூறு பிள்ளைகள், எல்லாரும் ஊர்ப் பிள்ளைகள். பிறகு சண்டை வந்தது, சனம் வெளிநாடு போனது. போகாமல் மிஞ்சியவர்கள் தங்கள் பிள்ளைகளை வாடகை வான் பிடித்து ஏற்றிப் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் எண்ணிப் பார்த்தபோது எழுபத்துநாலு பேர். மூடிவிடலாம் என்று கல்விக் கந்தோர் அதிகாரிகளிடையே கதை அடிபட்டது.

அந்த நேரத்தில்தான் மீனாம்பிகை ரீச்சர் அதிபராக வந்தார். வந்த கிழமையே சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்பக்கத்துப் பனங்காணிக்குப் போனார். அங்கே தொண்ணூறாம் ஆண்டு மயிலிட்டிக் கடற்கரையை விட்டு ஓடிவந்து, இருபது வருஷத்துக்கு மேல் முகாமில் கிடந்த சனத்துக்கு ஆளுக்கு இரண்டு பரப்பு என்று கொடுத்துக் குடியேற்றியிருந்தார்கள். ஊரில் அதற்குப் பெயர் ‘குடியிருப்பு’. ரீச்சர் வீடு வீடாக ஏறிப் பிள்ளை கேட்டார். முதல் நாளே ஐம்பத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அந்த மாதமே ஊர்ப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைத் தாய் தகப்பன்மார் விலத்தி எடுத்தார்கள். சாதி என்ற சொல்லை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ‘பள்ளிக்கூடத்தின் தரம் குறையுது’ என்றார்கள். நம்முடைய ஆட்களுக்கு அந்த ஒரு சொல் எத்தனை வேலைக்கு உதவுகிறது.

வாகீசன் அப்போது பழைய மாணவர் சங்கத்துச் செயலாளர். அந்த வருஷ நவராத்திரிக்குப் பொங்கச் சங்கத்துக் கிடாரம் கேட்டு ஆள் வந்தது. கிடாரம் அவன் வீட்டுச் சாமான் அறையில் இருந்தது. பூட்டுத் திறப்பு துலைந்துபோய்விட்டது என்று சொல்லி அனுப்பினான். குடியிருப்புத் தாய்மார் தங்கள் தங்கள் வீட்டுப் பானையைத் தூக்கி வந்து, ஏழு பானையில் பொங்கினார்கள். புகையும் குலவையும் வாகீசன் வீட்டு விறாந்தை வரை வந்தன.

பிறகு பட்டணம் வீங்கி இந்தப் பக்கமாக வந்தது. தோட்டக் காணிகள் துண்டு துண்டாக விலைப்பட்டு வீடுகளாயின. கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வந்த சனம் வாடகைக்கு இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் நடந்து வரக்கூடிய பள்ளிக்கூடம் இது ஒன்றுதான். குடியிருப்பிலிருந்து சுபாஸ்கரன் என்ற கடற்றொழிலாளியின் மகள் நிவேதனா மருத்துவ பீடத்துக்கு எடுபட, அவளுடைய படத்தை வாசலில் ஆளுயரத்துக்குக் கட்டினார்கள். விஞ்ஞானப் பிரிவு வந்தது, மூன்று மாடி வந்தது. இப்போது எண்ணூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஆறாம் வகுப்பில் மூன்று பிரிவு, பிரிவுக்கு நாற்பது பேர், நாற்பத்தோராவது கதிரை போட இடமில்லை.

வாகீசன் செய்த வேலை இதுதான். கீர்த்திகா பிறந்து ஒரு வயது நிரம்ப முதலே, பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, குடும்பத்தின் வாக்காளர் பதிவை அதற்குக் கிட்டவுள்ள கந்தர்மடத்தில் மனைவி உதயகலாவின் தமையன் வீட்டுக்கு மாற்றினான். பதிவு ஐந்து வருஷம் ஓர் இடத்தில் இருந்தால்தான் முதலாம் வகுப்புக்கு எடுபடும். குழந்தை தவழத் தொடங்க முதலே கடுதாசியில் கந்தர்மடம் போய்விட்டது. பிறகு ஒவ்வொரு வருஷமும் கிராம அலுவலரான விதானையார் வாக்காளர் படிவத்தோடு அம்பலவத்தை வீட்டுக்கு வருவார். உள்ளே உதயகலா புட்டு அவித்துக்கொண்டிருப்பாள், குழந்தை அழுதுகொண்டிருக்கும். வாகீசன் விறாந்தையில் நின்று ‘இவ்வீட்டில் எவரும் வசிப்பதில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். இப்படிப் பத்துத் தடவை. ஊரில் இது களவு என்று ஒருவரும் நினைப்பதில்லை, கெட்டித்தனம் என்றுதான் நினைப்பார்கள்.

அந்தக் கெட்டித்தனம் பலிக்கவில்லை. பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து விடியற்காலையில் கந்தர்மடத்து வீட்டுக்குச் சோதிக்க வந்தவர்கள், அங்கே பிள்ளையின் ஒரு சட்டைகூட இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். கீர்த்திகா பட்டணத்தில் காசு கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடமொன்றில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். புலமைப்பரிசில் சோதனையில் நாலு புள்ளி குறைந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தோடு முடிவு. பட்டணத்தில் இனி ஒரு கதவும் இல்லை. மிச்சமிருந்தது எதிரே இருந்த பள்ளிக்கூடம்தான்.

மீனாம்பிகை ரீச்சர் அவனை உள்ளே கூப்பிட்டு இருத்தித்தான் கதைத்தார். பக்கத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் போக மூன்று இடம் மிஞ்சியது, இரண்டு கொடுத்தாயிற்று, ஒன்றுதான் இருக்கிறது, கிட்ட இருப்பவருக்குத்தான் அது போகும் என்று விளங்கப்படுத்தினார்.

“என்னை விடக் கிட்ட ஆர் ரீச்சர் இருக்கினம்? மணி அடிச்சால் எங்கடை குசினிக்குக் கேக்குது.”

“எனக்குத் தெரியும் வாகீசன். ஆனால் நீர் இருக்கிறீர் எண்டதுக்கு ஒரு கடுதாசி கொண்டுவாரும். நான் கண்ணாலை கண்டதை ஃபைலிலை ஒட்டேலாது.”

விதானையார் கோபிசங்கர் முப்பது வயதுப் பொடியன், மரியாதையானவன். கந்தோரில் அலுமாரியைத் திறந்து ஒரு கோவையை எடுத்து வைத்துவிட்டுத்தான் வாய் திறந்தான்.

“அண்ணை, இதெல்லாம் உங்கடை கையெழுத்து. பத்து வருசமாய் ஆளில்லாத வீட்டிலை இப்ப ஆளிருக்கு எண்டு நான் எழுதித் தந்தால், என்னைத்தான் முதல் விசாரிப்பினம்.”

“நீர் வரேக்கை நான் தண்ணி தந்தனான், குடிச்சனீர். ஆளில்லாத வீட்டிலை ஆர் உமக்குத் தண்ணி தந்தது?”

“குடிச்சனான் அண்ணை. அதை எங்கை எழுதுறது?”

கரண்டுப் பட்டியல் செத்துப்போன தகப்பனின் பெயரில் வருகிறது. காணி உறுதி அவன் பெயரில்தான், ஆனால் காணி இருந்தால் போதாது, அதில் ஆள் இருக்கவேண்டும் என்றார்கள். கடைசியில் வலயக் கல்விக் கந்தோரில் மேன்முறையீட்டுப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். இந்த வட்டாரத்து வாக்காளர் இடாப்பில் பெயருள்ள அயலவர் ஒருவர், இவர்கள் இங்கேதான் வசிக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்து வைத்து, நேர்முகத்துக்கும் வந்து சொல்லவேண்டும்.

ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே என்று வாகீசன் சந்தோஷமாகத்தான் ஒழுங்கையில் இறங்கினான். அவனுடைய ஒழுங்கையில் பதினொரு வீடு. ஏழு வீடு பூட்டிக் கிடந்தது, ஆட்கள் கனடா, பிரான்ஸ், சுவிஸ். இன்னொரு வீட்டை மாதத்துக்கு ஒருமுறை வந்து கூட்டிவிட்டுப் போவார்கள். ஆள் இருந்த மற்ற இரண்டு வீட்டிலும் கேட்டான். ஒருவர் பேரப்பிள்ளைக்காகப் பதிவைக் கொக்குவிலுக்கு மாற்றியிருந்தார், மற்றவர் மகனுக்காக நல்லூருக்கு. அவர்களும் வருஷா வருஷம் அதே வசனத்தைத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடுதாசிப்படி பார்த்தால் அந்த ஒழுங்கையில் நாய்கள் மட்டும்தான் குடியிருந்தன.

வீட்டுக்கு வந்து குடையை எறிந்தான். நாலு நாளாய் விட்டு விட்டு மழை. வெங்காயம் நடக் கொத்திப் போட்ட பாத்தியெல்லாம் தண்ணீர் கட்டி நின்றது. உதயகலா சீலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். விதை வெங்காயம் விறாந்தையில் முளை தள்ளத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு கிழமைக்குள் நடாவிட்டால் கறிக்குத்தான் உதவும்.

அன்று மத்தியானம் கத்தரிக்காய்க் கறியும் சொதியும். திருவெம்பாவைக் காலம், மீன் இல்லை. மற்ற நாட்களில் சுபாஸ்கரன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து சந்தியில் விற்கிற மீன்தான் அந்த வீட்டுச் சட்டியில் கொதிக்கும். மீனுக்கு அந்த வீட்டில் தடையில்லை. கொண்டு வருகிறவன் படலைக்கு உள்ளே வந்ததில்லை.

“குடியிருப்பிலை எல்லாருக்கும் இஞ்சைதான் பதிவு,” என்றாள் உதயகலா, சோற்றைப் பிசைந்தபடி.

“அதுக்கு?”

“அதுக்கு என்ன, போய்க் கேளுங்கோ. சுபாஸ்கரன்ரை மனுசி செல்வநாயகிதான் பெற்றார் சங்கத்துச் செயலாளர். அவள் சொன்னால் எடுபடும்.”

“என்ன முகத்தோடை போய்க் கேக்கிறது?”

“உங்கடை முகத்தோடைதான். உந்தப் பதிவை மாத்துறது வேண்டாமெண்டு நான் அண்டைக்குச் சொன்னனான்.”

அவள் சொல்லவில்லை. தமையனிடம் கதைத்து ஒழுங்குபடுத்தியதே அவள்தான். ஆனால் அதை ஞாபகப்படுத்த வாகீசனுக்கு வாய் வரவில்லை. கீர்த்திகா சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

பின்னேரம் மழை விட்டதும் போனான். போகிற வழியெல்லாம் ஒரே ஒரு யோசனை. வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தால் என்ன செய்வது? குடிக்கத்தான் வேண்டும், முகம் சுளிக்காமல், கடைசிச் சொட்டு வரை குடிக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டான். ஏதோ பெரிய தியாகம் செய்யப் போகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் அந்த முற்றத்தில் காலை வைத்தான்.

செல்வநாயகி தையல் மெசினில் இருந்தாள். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்க முதல் குடியிருப்பின் பாதிச் சீருடையும் அவள் கையால்தான் முடியும். கட்டிலில் வெள்ளைச் சட்டைகள் அடுக்காய் இருந்தன. கடல் கொந்தளிப்பு என்று ஐந்து நாளாய்த் தொழிலுக்குப் போகாத சுபாஸ்கரன் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

“அக்கா,” என்றான் வாகீசன். அவளை அவன் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் அண்ணை என்றும் சொல்லவில்லை, தம்பி என்றும் சொல்லவில்லை. “இருங்கோ,” என்று கதிரையைக் காட்டிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த தையலை முடித்து, நூலைக் கடித்து அறுத்த பிறகுதான் திரும்பினாள். அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் படிவத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து வாசித்தாள். தேத்தண்ணி தரவில்லை. அந்த நினைப்பே அவளுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

“இவர்களை நான் நன்கு அறிவேன் எண்டு கிடக்கு.”

“அது ஃபோமிலை அச்சடிச்ச வசனம்.”

“அச்சடிச்சாலும் கையெழுத்து என்ரை எல்லே.” அவள் படிவத்தை மடியில் வைத்தாள். “பதினொரு வருசமாய் உங்கடை படலையைத் தாண்டித்தான் போய் வாறன். நீங்களோ உங்கடை மனுசியோ ஒருநாள் ஒரு கதை கதைச்சதில்லை. எனக்கு உங்களைத் தெரியும். நன்கு எண்டு எப்பிடி எழுதுறது?”

வாகீசனுக்குக் காது சுட்டது. எழுந்து போய்விடலாமா என்று ஒருகணம் நினைத்தான். ஆனால் போவதற்கு வேறு வீடு இல்லை.

“ஒண்டு கேக்கிறன்,” என்றாள் அவள். “மிஞ்சியிருக்கிறது ஒரு இடம். கிளிநொச்சியிலை இருந்து வந்து உந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கிற மார்கிரட்டின்ரை மகளும் அதுக்குத்தான் நிக்கிறாள். தகப்பன் இல்லாத பிள்ளை. அவைக்கு ஒண்டரைக் கட்டை தூரம். நான் இதிலை கையெழுத்து வைச்சால் இடம் உங்களுக்கு. அது தெரிஞ்சுதான் வந்தனீங்களோ?”

“தெரியாது,” என்றான். அவனுக்குத் தெரியும். ரீச்சர் சொல்லியிருந்தார்.

அவள் படிவத்தை மடியிலிருந்து எடுத்து மெசின் பலகையில் விரித்தாள். பிறகு மெசின் இழுப்பறையில் பேனையைத் தேடி எடுத்தாள்.

“விடிய நாலரைக்கு உங்கடை தண்ணி மோட்டர் போடுற சத்தத்திலைதான் நான் எழும்புறனான். உங்கடை மனுசி முத்தம் கூட்டுறது, பிள்ளை ஆறேகாலுக்கு வான் ஏறுறது, எல்லாம் காணுறன். நீங்கள் அங்கை இருக்கிறது உண்மை. இருக்கிறதை இல்லையெண்டு எழுத எனக்கு ஏலாது. மார்கிரட்டுக்கு நான்தான் போய் மறுமொழி சொல்ல வேணும், சொல்லுறன்.”

‘நன்கு’ என்ற சொல்லைக் குறுக்கே ஒரு கோடு இழுத்து வெட்டினாள். கீழே கையெழுத்து வைத்தாள். படிவத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்து மெசினில் வைத்தாள்.

திரும்பி வரும்போது வாகீசனுக்கு நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வெட்டாமல் விட்டிருந்தால் என்ன, ஒரு சொல்தானே என்று வழியெல்லாம் புறுபுறுத்தான். உதயகலாவும் படிவத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, “வெட்டிப்போட்டாளோ?” என்றாள். அதை மடித்து அவனிடம் கொடுத்து, “அவள் வெட்டினதும் சரிதான்,” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். 

நேர்முகத்தன்று நல்ல வெயில். பத்து நாளைக்குப் பிறகு வந்த வெயில், நடுகைக்கு மூன்று பெண்கள் விடியவே வந்துவிட்டார்கள். அன்று விட்டால் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். உதயகலா மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிட்டுத் தோட்டத்தில் இறங்கினாள். கந்தோர் ஆட்கள் இருப்பார்கள், கேட்பதற்குப் பயப்படாமல், தடக்காமல் மறுமொழி சொல்லவேண்டும் என்று வாகீசன் மகளுக்குச் சொன்னான். கீர்த்திகா தலையாட்டினாள். கெட்டிக்காரப் பிள்ளை, சொன்னதைச் செய்கிற பிள்ளை.

அதிபர் அறையில் மீனாம்பிகை ரீச்சரும் வலயக் கந்தோரிலிருந்து வந்த தியாகலிங்கம் என்ற அதிகாரியும் இருந்தார்கள். செல்வநாயகி சுவரோரக் கதிரையில் இருந்தாள். அதிகாரி மெதுவாகக் கதைக்கிற மனிதர். உறுதி, கரண்டுப் பட்டியல், பத்துப் படிவத்தின் பிரதி, செல்வநாயகியின் கடிதம் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக அடுக்கினார்.

“பத்துக் கையெழுத்து இந்தப் பக்கம், ஒண்டு அந்தப் பக்கம்,” என்றார். “அம்மா, நீங்கள் சொல்லுங்கோ.”

செல்வநாயகி எழுந்து நின்று சொன்னாள். நாலரைக்கு மோட்டர், முற்றம் கூட்டுகிறது, ஆறேகாலுக்கு வான். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அதிகாரி இடையில் இரண்டு கேள்வி கேட்டார், அதற்கும் நேராகச் சொன்னாள். அவர் ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் தலையசைத்தார்.

“அயலவர் இவ்வளவு தெளிவாய்ச் சொல்லேக்கை நான் எடுக்கத்தான் வேணும்,” என்று அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வாகீசனுக்கு மூச்சு வந்தது. அதிகாரி மேசைக்கு மேலால் குனிந்து கீர்த்திகாவைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளையோடு ஒரு வார்த்தை கதைக்காமல் விடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

“பிள்ளை, உங்கடை வீடு எங்கை?”

யன்னலுக்கு வெளியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் அந்த வீட்டின் ஓடு தெரிந்தது. வேலிக்கு மேலால், குனிந்து நிமிர்கிற உதயகலாவின் தலைகூடத் தெரிந்தது.

கீர்த்திகா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“நாற்பத்தேழின் கீழ் இரண்டு, இலுப்பையடி ஒழுங்கை, கந்தர்மடம்.”

நாலு வயதில் பழக்கியது. முதலாம் வகுப்பு நேர்முகத்துக்காக, காலையும் மாலையும், தாயும் தகப்பனும் மாறி மாறிக் கேட்டு, தடக்கினால் மறுபடி சொல்லவைத்துப் பழக்கியது. கந்தோர் ஆட்கள் கேட்டால் இதுதான் மறுமொழி என்று சொல்லிக்கொடுத்தார்கள். இனி அது வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளுடைய கொப்பிகளின் மட்டையிலும், சோதனை அனுமதி அட்டையிலும் அந்த விலாசம்தான் இருந்தது.

“இல்லைச் சேர், அது...” என்று வாகீசன் எழும்பினான்.

“பிள்ளையைக் கதைக்க விடுங்கோ.” அதிகாரி சிரிப்பை விட்டிருந்தார். “எவ்வளவு காலமாய் அங்கை இருக்கிறியள்?”

“பிறந்த நாள் தொடக்கம்,” என்றாள் கீர்த்திகா.

அதுவும் பழக்கியதுதான். செல்வநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். ரீச்சர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். அதிகாரி கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, படிவத்தின் அடியில் ‘ஏற்கப்படவில்லை’ என்று முடிகிற இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார்.

வெளியே வந்ததும் கீர்த்திகா தகப்பனின் கையைப் பிடித்தாள். அவளுடைய கை வேர்த்திருந்தது.

“அப்பா, நான் பிழைவிடாமல் சொன்னனான்தானே?”

வாகீசன் அந்தக் கையைத் தன் சேட்டில் துடைத்துவிட்டான். 

“ஓம் பிள்ளை. நீ ஒரு பிழையும் விடேல்லை.”

அவர்கள் ரோட்டைக் கடந்து படலையைத் திறந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டது முற்றத்தில் நிற்கத் தெளிவாகக் கேட்டது.